தொடாமல் பாராட்டாத பொனாரியா

"அருமையா இறங்குது" என்று சொல்லி, ட்ரிப் பாட்டிலை விரலால் ஒரு தட்டுத் தட்டுகிறார் பொனாரியா. அடுத்து, "இன்னிக்கு முகத்துல களை வந்திருக்கே" என்று என் மகள் மார்த்தாவின் கன்னத்தைத் தொடுகிறார். பாராட்டினால் தொட வேண்டும், இல்லாவிட்டால் கண் பட்டுவிடும். இத்தாலியின் சார்தீனியாத் தீவில் பிறந்த எவருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் குளிர்சாதனப் பெட்டியையும், தன் ஓட்டைக் காரையும்கூடத் தொட்டுப் பாராட்டுகிறவர் இவர் ஒருவர்தான். ஒருமுறை மிலானிலிருந்து வந்த பேராசிரியரின் உரையைப் புகழ்ந்துவிட்டு அவருடைய வழுக்கையைத் தொட்டார். அந்த மனிதர் அன்று முழுக்கத் தலையைத் தடவிக்கொண்டே திரிந்தார்.

தீவின் தலைநகர் கால்யாரியில், குழந்தைகளின் நரம்பு நோய் வார்டில் பொனாரியா நர்ஸ். கனத்த உடம்பு, கீச்சிடும் செருப்பு. கோட்டுப் பையில் எப்போதும் பார்துலா, எங்கள் ஊர்ப் பாலாடைக்கட்டிப் பலகாரம். பிள்ளைகளுக்கென்று பெயர், பாதி அவர் வாய்க்குத்தான் போகும்.

நரம்பின் மேலுறையை உடம்பே அரித்துவிடுகிற மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ் பெரியவர்களின் நோய் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பல நாடுகளில் லட்சம் குழந்தைகளில் ஒரு சிலருக்குத்தான் அது இருக்கிறது. எங்கள் தீவில் லட்சத்துக்கு இருபத்தேழு வரை எண்ணியிருக்கிறார்கள். ஏன் எங்களுக்கு இவ்வளவு என்று கேட்டால், ரத்தத்தோடு வருவதில் ஏதோ இருக்கிறது என்கிறார்கள் டாக்டர்கள். அதற்கு மேல் அவர்களுக்கும் முழுசாகப் பிடிபடவில்லை. பொனாரியா அதை வேறு மாதிரி பார்க்கிறார். "வேற ஊர்ல இந்தப் புள்ளைங்க ஒத்தையில உக்காந்திருக்கும். இங்க பாரு, சீட்டாடவே ஆள் தேறுது" என்று கட்டில்களை எதிரெதிராகத் திருப்பிப் போடுவார். என் மகள் மறுபடி சிரிக்கத் தொடங்கியது அந்தச் சீட்டாட்டத்தில்தான். அதற்காக இந்த அம்மாளுக்கு நான் ஆயுசுக்கும் கடமைப்பட்டவன்.

ஜூனில் நொயெமி வந்தாள். பதினோரு வயது. இடது கண் மங்கிப்போய், மருந்தில் மெல்லத் தெளிந்துகொண்டிருந்தது. அவள் அம்மா தொனாத்தெல்லா வேளைக்குச் சாப்பாடு ஊட்டுவாள், போர்வையைச் சரிசெய்வாள், பிறகு ஜன்னலோரம் போய் உட்கார்ந்துவிடுவாள். நொயெமி பொனாரியாவிடம் மெதுவாகக் கேட்டாள்: "அத்தை, அம்மாவுக்கு என்னைப் பிடிக்கலையா? கண்ணு கெட்டதுலேருந்து என்னை ஒரு வார்த்தை நல்லதா சொல்லவே இல்ல."

பொனாரியா நேராக ஜன்னலுக்குப் போனார். அவருக்கு ரகசியம் பேசத் தெரியாது. எல்லாம் என் காதில் விழுந்தது.

"ஏம்மா, பொண்ணு ஏங்கிப்போய்க் கெடக்குது. வாயில என்ன பார்துலாவா வெச்சிருக்க?"

தொனாத்தெல்லா உடைந்துவிட்டாள். "நான்தான்க்கா கண்ணு வெச்சேன். மே மாசம், சந்த் எஃபீசியோ புனிதர் ஊர்வலத்துல பட்டுப் பாவாடையில நடந்து வந்தா. கூட்டத்துக்குப் பின்னால நின்னுக்கிட்டு, 'எம் பொண்ணு கண்ணப் பாருங்க'ன்னு கத்திட்டேன். கிட்டப் போய்த் தொட முடியல. அந்த மாசமே மங்கிருச்சு. இனி நான் வாயே திறக்க மாட்டேன்."

குளிர்சாதனப் பெட்டியையே தொடுகிறவர், பாவம், என்ன சொல்வார்?

"அட மடச்சி!" என்றார் கடைசியில். "லட்சத்துக்கு இருபத்தேழு. அத்தனை அம்மாக்காரியும் கூட்டத்துல நின்னு கத்தினாளா? தோ நிக்கிறாரே மார்த்தா அப்பா, இந்த மனுஷன் பெத்த பொண்ணை வாய்விட்டுப் பாராட்டினதே கெடையாது. அவளுக்கும்தான வந்துச்சு?"

சுருக்கென்றது. ஆனால் உண்மை.

"அப்ப நீங்க மட்டும் ஏன்க்கா தொட்டுத் தொட்டுச் சொல்றீங்க?"

"தொட்டா புள்ளைங்களுக்குப் பிடிக்குது. எனக்கும் பிடிக்குது. போதாதா?"

தொனாத்தெல்லா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்று மத்தியானம் சீட்டாட்டத்தின் நடுவே மார்த்தா ஒரு சீட்டைத் தூக்கிப் பிடித்து, "வலது கண்ண மூடிக்கிட்டுச் சொல்லு பாப்போம்" என்றாள். நொயெமி மூடினாள். இடது கண்ணைச் சுருக்கினாள், விரித்தாள். வார்டே அவளைப் பார்த்தது.

"ஏழு காசு!"

ஏழு காசுப் படம் போட்ட சீட்டுதான்.

"அடி என் தங்கமே, எவ்வளவு அழகான கண்ணுடி உனக்கு!" ஜன்னலோரத்திலிருந்து அந்தச் சத்தம் வந்தது. சொன்ன மறுநொடியே தொனாத்தெல்லா வாயைப் பொத்திக்கொண்டாள். முகம் வெளுத்துவிட்டது. மகளுக்கும் அவளுக்கும் நடுவே அத்தனை இடைவெளி, கால்கள் நகரவில்லை.

பொனாரியா செருப்புக் காலால் கட்டிலின் பிரேக்கை எத்தினார். ஒரு கையில் ட்ரிப் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சீட்டுகள் தரையெல்லாம் சிதற, நொயெமியைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டுபோய் அவள் அம்மாவின் கைக்கு எட்டுகிற இடத்தில் நிறுத்தினார்.