சியாரத்துக்கு மூன்று பாதைகள்

காட்டுக்குள் யார் எந்தப் பாதையால் போவது என்று தீர்மானிப்பவர் என் சாச்சா, வாப்பாவின் தம்பி. சாகாமத்துப் பக்கம் அவருக்கு வயல் இருந்தது. வயலுக்கு அப்பால் காடு, காட்டின் நடுவே ஒரு மலை, மலைக்கு அந்தப் பக்கம் இறைநேசரான ஓர் அவுலியா அடங்கியிருக்கும் சியாரம். கல்லோயாவில் அணை கட்டி முடிந்த புதிது. அங்கிருந்த யானைகளெல்லாம் எங்கள் பக்கம் வந்துவிட்டன என்று பேச்சு. ஆனாலும் அந்த அவுலியாவின் பேரில் சோறாக்கிப் பங்கிடும் கந்தூரிக்கு அரிசி, தேங்காய், சட்டி பானை எல்லாவற்றையும் சுமந்துகொண்டு எங்கள் குடும்பம் வருடாவருடம் நடந்துதான் போகும்.

சியாரத்துக்கு மூன்று பாதைகள். வண்டில் பாதை மலையைச் சுற்றிக்கொண்டு போகும்; தரை மட்டம், தூரம் அதிகம். ஆற்றோரப் பாதையில் இடுப்பளவு தண்ணீரைச் சுமையோடு கடக்க வேண்டும். மூன்றாவது, மலை முதுகில் ஏறி இறங்கும் கல்லுப் பாதை. கிட்டத்தில் போய்விடலாம். ஆனால் பாறை வழுக்கும், இடையிடையே ஆளை விழுங்கும் வெடிப்புகள் உண்டு.

புறப்படுவதற்கு முதல் நாள் பின்னேரம் சாச்சா ஆண்கள் எல்லோர் முதுகிலும் அரிசிச் சாக்கைக் கட்டிவிட்டு, சாகாமத்துக் குளக்கட்டில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போய் வரச் சொல்வார். வந்து நின்றதும் தண்ணீர் கேட்பவன் வண்டில் பாதை. மூச்சு வாங்கினாலும் கேட்காமல் நிற்பவன் ஆற்றோரம். சிரித்துக்கொண்டு நிற்பவன் கல்லுப் பாதை. பெண்களுக்குச் சோதனையே கிடையாது. சிரித்தாலும் அழுதாலும் வண்டில் பாதைதான். நான் என் தம்பிமாரை விட வேகமாக நடப்பேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

அது எனக்குக் கலியாணமான பிறகு வந்த முதல் கந்தூரி. என் மாப்பிள்ளை கல்முனைக்குடிக் கடற்கரைக்காரர். எந்த அலைக்கும் தோணியில் அசையாமல் நிற்பவர், காட்டுக்குள் கால் வைத்ததில்லை. எங்கள் பக்கம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். வந்து சில மாதமே ஆகியிருந்த அவரை என் தம்பிமார் ஓயாமல் சீண்டுவார்கள். கடல் நண்டுக்குக் காட்டில் என்ன வேலை என்பார்கள். குளக்கட்டிலிருந்து திரும்பி வந்தபோது அவருடைய உதடு காய்ந்து வெளுத்திருந்தது. நான் பார்த்தேன். அவர் தண்ணீர் கேட்கவில்லை. சிரித்தார்.

"மச்சானும் எங்களோட கல்லால வருவாரு," என்றான் பெரிய தம்பி.

"ஏலுமா மகன்?" என்று சாச்சா கேட்டார்.

"ஓம், ஏலும்."

மறுநாள் விடிந்ததும் பிரிந்து நடந்தோம். உச்சி வெயிலில் நாங்கள் பெண்கள் மலையடியில் ஒரு மருத மரத்தின் கீழ் இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தோம். பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள், நாங்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தோம். அப்போது இடது பக்கத்துப் பாறைகளுக்கு மேலிருந்து யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது கேட்டது.

எல்லோரும் வாயடைத்துப் போனோம். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் என் பெயர். அவருடைய குரல் மாதிரியேதான் இருந்தது. நான் எழும்பினேன். சாச்சாவின் மனைவி, என் சாச்சி, மணிக்கட்டைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். காட்டில் மூன்றாம் தரம் கேட்காமல் பதில் கொடுக்கக் கூடாது. ஜின் மூன்று தரம் கூப்பிடாது. இது எங்களில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"உன்ட மாப்பிள்ளை உன்னப் பேர் சொல்லியா கூப்பிடுற?" என்று சாச்சி தணிந்த குரலில் கேட்டார்.

"இல்ல."

"என்னெண்டு கூப்பிடுற?"

"புள்ள எண்டு."

"அப்ப வாய மூடு கா. அது அவரில்ல."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. எந்த மாப்பிள்ளை ஊர்ப் பெண்களுக்கு நடுவில் மனைவியின் பெயரைச் சொல்லிக் கூவுவான்? ஆயத்துல் குர்ஸியை ஓதிக்கொண்டு மூன்றாவது சத்தத்துக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை.

சியாரத்தில் அவர் இல்லை. தம்பிமார் முகம் செத்துப் போயிருந்தது. மேலே ஏறும்போது அவர் பின்தங்கினாராம்; ஏலாமல் திரும்பிக் குளத்துக்குப் போயிருப்பார் என்று இவர்கள் நினைத்தார்களாம். நான் கேட்ட சத்தத்தைச் சாச்சாவிடம் சொன்னேன். எந்தப் பக்கம் என்றும் கையைக் காட்டினேன். அவர் யோசித்தார்.

"பேர் சொல்லித்தானே கூப்பிட்ட?"

"ஓம்."

"அது நம்மளத் திசை திருப்புற சத்தம் மகள். நாம குளத்துப் பக்கம் தேடுவம்."

குளத்துப் பக்கம் தேடினார்கள். சாகாமத்து வீடுகளிலெல்லாம் விசாரித்தார்கள். மூன்றாம் நாள், தேன் எடுக்கப் போனவர்கள்தான் கடைசியில் அவரைக் கண்டார்கள். இடது பக்கத்துப் பாறை வெடிப்புக்குள், கால் முறிந்து, அரிசிச் சாக்கு முதுகில் கட்டியபடியே கிடந்தார். மௌத்தாகி அதிக நேரம் ஆகவில்லை என்றார்கள். அதை ஏன் என்னிடம் சொன்னார்களோ தெரியாது. சியாரத்துக்குப் பக்கத்திலேயே அடக்கினார்கள்.

நாலு மாதம் பத்து நாள் வெளியே வராமல் இத்தா இருந்த அறைக்குள் எனக்கு ஒரே யோசனைதான். அந்த வெடிப்புக்குள் கிடந்தவருக்கு எங்கள் சிரிப்பும் பேச்சும் கேட்டிருக்கும். கீழே அத்தனை பெண்கள். 'புள்ள' என்று கூப்பிட்டால் அதில் யார் திரும்பிப் பார்ப்பது? நான் திரும்ப வேண்டும் என்றுதான் வெட்கத்தை விட்டு என் பெயரைச் சொல்லியிருக்கிறார். பதில் வரவில்லை என்றதும், நான் கேட்டும் பேசாமல் இருக்கிறேன் என்று நினைத்தாரா?

அடுத்த வருடம் சாச்சா யாரையும் குளக்கட்டில் நடக்க விடவில்லை. எல்லோரும் வண்டில் பாதையால் போனார்கள். நான் போகவில்லை.

பிறகு எனக்கு வேறு வாழ்க்கை அமைந்தது, பிள்ளைகளும் பிறந்தார்கள். இரண்டாவதாக வந்தவர் நல்ல மனிதர், குறை சொல்ல மாட்டேன். ஆனால் உச்சி வெயிலில் வீடு அமைதியாக இருக்கும்போது சில நாள் என் பெயர் கேட்கும். வேலையைப் போட்டுவிட்டு முதல் சத்தத்துக்கே வாசலுக்கு வந்து, "ஓம், இஞ்ச இரிக்கன்," என்பேன்.

"ஆருக்கும்மா ஓம் எண்டு சொல்றீங்க? ஒருத்தரும் கூப்பிடல்லயே," என்பாள் மகள்.

"கூப்பிட்டாத்தான் என்ன, கூப்பிடாட்டித்தான் என்ன," என்பேன். "சொல்லி வைக்கிறன்."