சாகாத மீன்

என் அக்காள் புருஷனை ஊரே "மீன்காரர்" என்றுதான் கூப்பிடும். மனிதர் வாழ்நாளில் ஒரு மீனைக்கூட விற்றதில்லை. ஆற்றங்கரை நீரேற்று நிலையத்தில் மோட்டார் ஓட்டுவதுதான் அவர் வேலை. அங்கே ஒரு கண்ணாடித் தொட்டி. அதற்குள் ஆற்றுத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும், கெண்டைக் குஞ்சுகள் நீந்தும். குஞ்சுகள் செத்து மிதந்தால் உடனே மோட்டாரை நிறுத்த வேண்டும். பரிசோதனை முடிவு வருவதற்குள் ஊர் தண்ணீரைக் குடித்து முடித்துவிடும் என்பதால் இந்த ஏற்பாடு.

ஆற்றின் மேல்பக்கம் சாயப்பட்டறைகள் வந்தபின் குஞ்சுகள் அடிக்கடி செத்தன. மச்சானும் கண்ணும் கருத்துமாக மோட்டாரை நிறுத்தினார். பலன்? பட்டறைக்காரனை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காலிக் குடங்களோடு வந்து மச்சானைத்தான் ஏசினார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். மேலதிகாரி போனில் கத்தினார்: "நாலு மீன ஒழுங்கா வளர்க்கத் தெரியல, நீயெல்லாம் எதுக்குய்யா வேலைக்கு வர்ற?" என் அக்காளும் தன் பங்குக்கு விட்டுவைக்கவில்லை. "பக்கத்து வீட்டுக்காரி என் மூஞ்சில முழிக்க மாட்டேங்கிறா. உங்க மீனுக்கு என்னதான் கேடு?"

பிறகு ஒருநாள் மீன்கள் சாவது நின்றது. குழாய்கள் தவறாமல் கொட்டின. ஏசின வாய்களே மச்சானுக்கு வணக்கம் சொல்லின.

அப்போது அவர் மகள் முழுகாமல் இருந்தாள். கல்யாணமாகி வெகுகாலம் கழித்துத் தங்கிய பிள்ளை. ஒரு மழைநாளில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது டம்ளரைக் கீழே வைத்து முகத்தைச் சுளித்தாள்.

"அப்பா, தண்ணி கசக்குது."

"ஒன் வாய்க்கசப்பா இருக்கும்மா. மீன் ஒண்ணுகூட சாகல. நம்பிக் குடி."

அப்பா சொன்னால் அவளுக்கு மறுபேச்சு கிடையாது. குடித்தாள்.

அந்த வாரமே எங்கள் தெருக்காரர்கள் வாந்தியோடு ஆஸ்பத்திரியை நிரப்பினார்கள். கட்டில் போதாமல் நடைவழியிலும் கிடந்தார்கள். அவளுக்கு ஏழாம் மாதத்திலேயே பிள்ளை உயிரில்லாமல் பிறந்தது. நான் பார்த்தேன். ஏன் பார்த்தோம் என்றாகிவிட்டது.

மறுநாள் மச்சான் கடையில் வாங்கிய தண்ணீரை டம்ளரில் ஊற்றிக்கொண்டு மகளின் கட்டிலருகே வந்தார்.

"எல்லாரும் தண்ணியாலதான்னு சொல்றாங்கப்பா. மீனெல்லாம் உயிரோடதானே இருக்கு?" என்று கேட்டாள்.

"இருக்கும்மா."

"அப்போ தண்ணிமேல குத்தமில்ல. என் ஒடம்புக்குத்தான் ஒரு பிள்ளைய வெச்சுக்கத் துப்பில்ல."

மச்சான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"ஒன் ஒடம்பு இல்லம்மா. கெண்டை செத்துக்கிட்டேதான் இருந்துச்சு. ஊர் ஏச்சு தாங்க முடியல. சாக்கடையிலருந்து கெளுத்தி புடிச்சு தொட்டியில விட்டேன். அது எந்தத் தண்ணியிலயும் சாகாது."

எனக்கு அவரை அடிக்கக் கை எழுந்தது. அவளோ அப்பா நீட்டிய டம்ளரையும் அதைப் பிடித்திருந்த கையையும் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"மாமா, நீங்க ஊத்திக் குடுங்க."