கதவுக்கு முட்டுக் கொடுத்த இரும்பு

வட்டகொடையில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், அக்கா வீட்டுக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க, ஓர் இரும்பு உருளையை முட்டுக் கொடுத்து வைத்திருந்தாள். அதன் ஒரு பக்கத்தில் மட்டும் நேரான பள்ளம். போகும்போதெல்லாம் கால்விரலை இடித்துக்கொண்டு திட்டுவேன். அக்கா அதை மறுபடி கதவோடு நகர்த்தி வைப்பாள். அது அத்தான் செய்தது.

அத்தான் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் லேத் வேலை பார்த்தார். கொழுந்து உருட்டும் ரோலரின் சக்கரம் தண்டில் வழுக்காமலிருக்க, இடையே சாவி என்றோர் இரும்புத் துண்டை அடித்து இறுக்குவார்கள். அது உட்காரச் சக்கரத்தின் துளைக்குள் காடி என்ற நீளப் பள்ளத்தை வெட்ட வேண்டும். வெட்டும் உளியை நீளக் கம்பியின் நுனியில் பொருத்தித் தள்ளினால் கம்பி வளைந்து, உள்ளே போகப் போகக் காடியின் ஆழம் குறைந்துவிடும். துளையை அடைத்தாற்போல் ஓர் உருளை, கம்பி நகர அதில் ஒரு பள்ளம் என்று அத்தான் யோசித்தார். முதுகுக்கு முட்டு இருந்தால் கம்பி எப்படி வளையும்? சோற்றுத் தட்டில் விரலால் வரைந்து காட்டுவார். "மொதல்ல சாப்பிடுங்க, அப்புறம் வெட்டலாம்" என்பாள் அக்கா, கைக்குழந்தையாயிருந்த மகளை இடுப்பில் வைத்தபடி.

உருளை பாதி முடிந்திருந்தபோது பழைய சக்கரம் உடைந்தது. வாடப்போடும் மாடியில் கொழுந்து குவிந்து கிடந்தது. உருளையை முடித்துப் புதுச் சக்கரத்தில் காடி வெட்ட அத்தான் ஒரு நாள் அவகாசம் கேட்டார். "கொழுந்து காத்திருக்குமா? எப்பவும்போல வெட்டி ஓட்டுங்க. சாவி நீட்டிக்கிட்டிருந்தா ஞாயித்துக்கெழம பாத்துக்கலாம்" என்றார் தொழிற்சாலையின் பொறுப்பாளரான டீமேக்கர். எங்கள் தொழிற்சாலைகளில் எல்லாக் குறையும் இயந்திரம் ஓடாத ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் தள்ளிப்போகும். காடி சரியாக விழவில்லை. சாவி ஒரு விரற்கடை வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

மறுநாள் வெட்டலாமென்று சனிக்கிழமை அத்தான் உருளையை முடித்துவிட்டார். அன்று பிற்பகல் ரோலருக்கு எண்ணெய் விடக் குனிந்தவரின் கம்பளிச் சட்டைக் கையைச் சுழன்ற சாவி பிடித்துக்கொண்டது. இயந்திரத்தை நிறுத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஓடுகிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் கம்பளிச் சட்டை போட்டது அவர் தவறு என்று விசாரணையில் எழுதினார்கள். அந்தக் குளிரில் டீமேக்கரும் கம்பளிச் சட்டைதான் போட்டிருந்தார். எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை.

அவருடைய சாமான்களோடு உருளையும் வீட்டுக்கு வந்தது. பிறகு தொழிற்சாலையிலிருந்து அதைக் கேட்டு வந்தவர்களை அக்கா வாசலோடு திருப்பி அனுப்பினாள்.

இத்தனை வருடங்களுக்குப் பிறகு, போன மாதம் சக்கரம் மறுபடி உடைந்தது. லேத்துக்குப் புதிதாக வந்திருப்பவர் வாசலில் தயங்கி நின்று, "அக்கா, அந்த உருளை..." என்றார். நான் கத்துவதற்கு எழுந்தேன். அக்கா அதை இரு கையாலும் தூக்கி, முந்தானையால் துடைத்து, அவரிடம் கொடுத்துவிட்டாள்.

"இப்ப மக அந்த ரோலர்கிட்டதான் நிக்கிறா" என்றாள் என்னிடம்.

அன்று முழுவதும் கதவு காற்றில் அடித்துக்கொண்டே இருந்தது. எழுந்து சாத்த எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.