எனக்கு எதிராக வந்தவர் என் மகளுக்காகப் பேசினார்

மாதாவின் பிள்ளைகளே, என் மகள் பிலோமினாவை இழந்துவிடுவேன் என்று நான் நடுங்கிய நாட்களைச் சொல்கிறேன்.

அறுபதாம் வருஷம். கணவரின் அடி தாங்காமல் லால்குடி வீட்டை விட்டு வந்து, மன்னார்புரத்தில் ஓர் அறை எடுத்து, ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். பிலோமினாவுக்கு ஏழு வயது. கோயில் திருவிழாவுக்கென்று அழைத்துப் போன அவள் அப்பா திருப்பி அனுப்பவில்லை. கேட்கப் போனேன். கதவைச் சாத்திவிட்டார்கள். உள்ளே அவள் அழுவது கேட்டது.

ஸ்ரீரங்கத்தில் ஒரு வக்கீலைப் பார்த்தேன். "குழந்தைக்கு எது க்ஷேமம்னுதாம்மா ஜட்ஜ் பார்ப்பார். ஆனா தகப்பனாருக்குத்தான் பாத்யதைன்னு அவா வாதாடுவா. என்னால உறுதி சொல்ல முடியாது" என்றார். ஆனாலும் அவர் மூலமாகவே கோர்ட்டில் மனுப் போட்டேன்.

கணவர் வீட்டாரின் பதில் மனுவில், இவள் இரவு டூட்டிக்குப் போகிறவள், பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்று கேட்டிருந்தார்கள். லால்குடியில் வீடும் நிலமும் இருக்கின்றன, கணவரின் அக்கா ஆரோக்கியம் வளர்ப்பார் என்றும் இருந்தது. படித்தபோது எனக்கே அது நியாயமாகத் தோன்றியது. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

விசாரணைக்கு முந்தின மாலை கோயிலில் முழந்தாளிட்டேன். பிள்ளையைக் கொடும் என்று கேட்கக்கூட வாய் வரவில்லை. "தாயே, அங்கே ஒருவராவது உள்ளதைச் சொல்லட்டும்" என்று மட்டும் செபித்தேன்.

மறுநாள் ஜட்ஜ் பிலோமினாவைத் தனியே தன் அறைக்கு அழைத்துப் பேசினார். வெளியே வந்தவள் என்னை நிமிர்ந்து பார்க்காமலே கடந்து போனாள். எனக்கு உயிரே இல்லை.

பிறகு ஜட்ஜ் என்னிடம், "ராத்திரி டூட்டின்னா என்ன செய்வீங்க?" என்று கேட்டார். பகல் டூட்டி தர எங்கள் தலைமை நர்ஸ் மேட்ரன் ஒப்புக்கொண்டதைச் சொன்னேன். அடுத்து ஆரோக்கியம் அண்ணி கூண்டில் ஏறினார்.

"பிள்ளையை நீங்க வளர்ப்பீங்களாம்மா?" என்று ஜட்ஜ் கேட்டார்.

அண்ணி அவரைப் பார்த்துக் கைகூப்பினார். "எனக்கு ஆசைதாங்க ஐயா. பிள்ளை இல்லாதவ நான். ஆனா அது சரியா சாப்பிடறதில்லைங்க. படுக்கையை நனைக்குது. அம்மா உன்னை வேண்டாம்னுட்டான்னு நாங்கதான் சொல்லி வச்சோம். அன்னையிலேருந்து அதுக்குப் பேச்சே இல்லைங்க. அம்மாகிட்டயே விட்டுடுங்க."

என் கணவர் எழுந்துவிட்டார். "அக்கா, என்ன பேசறே?"

"நடந்ததைத்தான்டா சொல்றேன்."

பிலோமினா என்னோடு இருக்கட்டும் என்று தீர்ப்பானது. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா அழைத்துப் போய்ச் சாயங்காலம் கொண்டுவந்து விட வேண்டும். முதல் சில ஞாயிறுகளில் அவள் திரும்பி வரும்வரை நான் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஒவ்வொரு முறையும் வந்தாள். மெல்ல மெல்லப் பேசவும் தொடங்கினாள்.

யாரை என் பிள்ளையைப் பறிக்க வந்தவர் என்று வெறுத்தேனோ, அந்த அண்ணியை நானே போய் என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். அவர் பிலோமினாவுக்குத் தலை வாரிப் பின்னியபோது அண்ணியும் நானும் அழுதோம்.

உங்களில் யாராவது இப்படி ஒரு கோர்ட் வாய்தாவுக்குக் காத்திருந்தால், பயம் தீரட்டும், பிறகு செபிக்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். என் பயம் தீரவே இல்லை. நடுங்கிக்கொண்டேதான் கேட்டேன். அந்தத் தாய் எனக்குச் செவிகொடுத்தாள்.