காலி ஃபோல்டரும் நாலாவது மாடியும்

“காலியா கிடக்கிற எதுவும் ஒரு வேலை செஞ்சதா சரித்திரமே இல்லை. என் கண்ணுல பட்டா அதுக்கு அன்னிக்கே கடைசி நாள்.”

அலுவலகக் கூட்டத்தில் எழுந்து நின்று இப்படி முழங்கியவர் எங்கள் கம்ப்யூட்டர்களின் பராமரிப்பாளர். நாங்கள் வைத்த பெயர் துடைப்பம். மனிதர் அதைப் பட்டமாகவே ஏற்றுக்கொண்டார். காலி அட்டைப்பெட்டி, காலி பேனா, காலி ஃபோல்டர் எதுவும் அவரிடம் தப்பியதில்லை. வீட்டில் மனைவி கழுவிக் கவிழ்த்து வைத்த டப்பாவை ஒருமுறை பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டார். “காலியானதைத்தான் போடணும்னா உங்க தலையையும் போட்டுட்டு வந்திருக்கலாமே” என்று அம்மையார் கேட்டதாகப் பக்கத்து வீட்டுத் தகவல்.

எங்கள் நிறுவனம் லிஃப்டின் அதிர்வை அளக்கும் பெட்டி தயாரிக்கிறது. எனவே முறைப்படி எங்கள் லிஃப்டுக்குத்தான், ஆட்டம் அதிகம் என்று, அதிகாரிகள் சீல் வைத்திருந்தார்கள். மேலாளருக்கோ காலில் மாவுக்கட்டு. தினமும் நான்கு பேர் அவரை நாற்காலியோடு நாலாவது மாடிக்குத் தூக்க வேண்டும். பின்பக்க வலது கால் துடைப்பத்தின் பொறுப்பு. மேலாளரின் எடை அதிகம். போகும் வழியெல்லாம் அவர் சொல்லும் அறிவுரை அதைவிட அதிகம்.

வியாழன் மூன்று மணிக்குப் பரிசோதகர் வருவதாக ஏற்பாடு. லிஃப்டை ஆளில்லாமல் ஓட்டி, விட்டுப்போகாமல் ஒரு மணிநேர அதிர்வு வரைபடம் காட்டினால் சீல் உடையும். தவறினால் அடுத்த தேதி நாற்பது நாள் கழித்து. துடைப்பத்தின் இடுப்பு நாலு நாள்கூடத் தாங்காது.

பொறியாளர் அக்கா (துடைப்பத்தைவிட ஆறு வயது இளையவர், ஆனாலும் அவருக்கும் அக்காதான்) லிஃப்ட் கூரையில் சென்சரைப் பொருத்திவிட்டு மொட்டைமாடி இயந்திர அறையில் நின்றார். இரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்க, கீழே திரையில் கோடு அசையவில்லை. போன் அடித்தது.

“சார், ‘லிஃப்ட்-மணி’ன்னு ஒரு ஃபோல்டர் இருக்கா பாருங்க.”

“அதுவா அக்கா? உள்ள ஒண்ணுமே இல்ல. மதியம் சாப்பிட்டதும் தூக்கிட்டேன்.”

மறுமுனையில் அக்காவின் குரல் தாழ்ந்தது. நல்லவர்கள் திட்டுவதற்கு முன் எடுத்துக்கொள்ளும் குரல்.

“சார், அது டிஸ்க்ல இருக்கிற ஃபோல்டரே இல்ல. கர்னலோட, அதாவது சிஸ்டத்தோட மூளையோட, நினைப்புல இருக்கு. அந்த இடத்துல ஒரு ஃபோல்டர் உண்டாக்கினா, கர்னல் ஒரு கடிகாரத்தை எழுப்பிவிடும். அது வினாடிக்கு நூறு தடவை ‘அள, அள’ன்னு சென்சரை விரட்டும். நீங்க ஃபோல்டரை எடுக்கல, கடிகாரத்தையே கொன்னுட்டீங்க.”

“காலியாத்தானே இருந்துச்சு!”

“காலியாத்தான் இருக்கும். நான் இறங்கி வர்றதுக்குள்ள மணி ரெண்டாயிடும். சொல்றபடி செய்யுங்க.”

துடைப்பம் நாற்காலியின் பின்பக்க வலது காலை நினைத்துக்கொண்டார். விரல்கள் தாமாக வேலை செய்தன. அதே பெயரில் ஃபோல்டரை உண்டாக்கினார். ஆனால் இருபது வருடக் கொள்கை சும்மா விடுமா? ஒப்புக்காவது உள்ளே இருக்கட்டும் என்று ஒரு சிறு குறிப்பை அதில் போடப் பார்த்தார். அனுமதி இல்லை என்றது கர்னல். இன்னொரு முறை பார்த்தார். கர்னல் மசியவில்லை.

“என்ன சார் பண்றீங்க? அதுல எதையும் போடாதீங்க! கடிகாரத்துக்கு நூறுன்னு வேகம் குடுங்க. சென்சர்கிட்ட ‘உன்னை விரட்டப்போறது இதுதான்’னு அந்தக் கடிகாரத்தோட பேரை எழுதுங்க. அப்புறம் பதிவை ஆரம்பிங்க.”

எழுதினார். இரண்டு அடிக்க ஒரு நிமிடம் இருக்கையில் திரையில் கோடு துள்ளி எழுந்து ஓடத் தொடங்கியது.

அடுத்த ஒரு மணிநேரம் அவர் நாற்காலியைவிட்டு எழவில்லை. டீக்குக் கூப்பிட்டவர்களுக்குத் தலையை மட்டும் ஆட்டினார். மூன்று மணிக்கு வந்த பரிசோதகர் வரைபடத்தை அங்குலம் அங்குலமாகப் பார்த்து, திருப்தியாகி, பொழுதுபோகாமல் திரையின் மூலையில் கிடந்த ஃபோல்டரைக் காட்டினார்.

“இது என்னங்க, ஒண்ணுமே இல்லாம கிடக்கு? எடுத்துடலாமே?”

துடைப்பம் மௌஸை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“இருக்கட்டுங்க,” என்றார், எங்கள் காதில் விழாது என்று நினைத்துக்கொண்டு. “அது வேலையா இருக்கு.”