லேமினேஷன் போட்ட டிராகன்

அந்த டிராகன் கார்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். யாரோ அதற்கு லேமினேஷன் போட்டிருந்தார்கள்.

பிள்ளைங்களா, நீங்கள் மாற்றி மாற்றி விளையாடும் கார்டுகளில் அபூர்வமானதை மதிப்புப் போட்டு விற்றுக் கொடுப்பதுதான் என் தொழில். பத்தாவது வரை படித்தவன். சூரமங்கலத்தில் ஜங்ஷன் பக்கம் சின்னக் கடை. பழைய கார்டுக்கு விலை அதன் கண்டிஷனை வைத்துத்தான். நாலு கார்னரும் கூராக இருக்கணும், கீறல் கூடாது. லேமினேஷனின் சூட்டுப் பசை ஒட்டினால் தொலைந்தது. பிய்த்தால் மையும் சேர்ந்து உரிந்துவிடும்.

கார்டுக்குச் சொந்தக்காரர் குமரேசன், வெண்ணந்தூரில் விசைத்தறி ஓட்டுகிறவர். கப்பலில் வேலை பார்த்த மாமா ஜப்பானிலிருந்து கொண்டுவந்து கொடுத்த முதல் பதிப்பு அது. அசல்தான் என்று போன வாரம் நான் பார்த்துச் சொல்லி, பெங்களூர்க்காரர் ஒருவரிடம் விலை பேசி முடித்து, அதுவரை பத்திரமாக இருக்கட்டும் என்று கார்டைக் குமரேசனிடமே கொடுத்தனுப்பியிருந்தேன். தறி மோட்டார் கருகிப்போய்க் கிடந்தது. கார்டு விற்றால்தான் புது மோட்டார். வாங்குகிறவரோ ரயில் ஏறிவிட்டார்.

"ஏனுங்க, யாரு பண்ணுன வேலைங்க இது?" என்று குமரேசனிடம் கேட்டேன்.

கூட வந்திருந்த அவர் மனைவி மல்லிகா பெருமையாகச் சொன்னார்: "நாந்தானுங்க. ரேஷன் கார்டு, பசங்க மார்க் ஷீட்டு எல்லாத்துக்கும் போட்டு வச்சிருக்கறனுங்க. இத்தன வெல போற பொருள வெறுமனே குடுக்கலாமுங்களா?"

"நல்லாப் போட்ட போ. மோட்டாருக்குப் பதிலா இதையே தறியில மாட்டிக்கலாம்" என்றார் குமரேசன். அந்தம்மா முகம் வாடிவிட்டது.

லென்ஸை எடுத்து, விளக்கைச் சாய்த்து, ஓரம் ஓரமாகப் பார்த்தேன். கார்டைச் சுற்றி முடி மாதிரி இன்னொரு கோடு தெரிந்தது.

"ஏம்மா, நான் மெல்லிசா ஒரு பிளாஸ்டிக் உறை மாட்டிக் குடுத்தேனே, அதக் கழட்டினீங்களா?"

"அதுல கையே வெக்கலீங்க. அப்படியேதான் ஜெராக்ஸ் கடையில குடுத்தேன்."

எனக்கு உயிர் வந்தது. பசை பிடித்தது உறையைத்தான், கார்டை இல்லை. ஆனால் சூடு உள்ளே என்ன செய்திருக்குமோ, திறந்தால்தான் தெரியும். ஸ்கேலை அழுத்தி வைத்து, உறையின் வாய்ப் பக்கம் பிளேடை வைத்தேன். அதற்குள் பெங்களூர்க்காரர் வந்து நின்றார்.

"என்ன சார், டிராகனுக்கு ஐ.டி. கார்டா?"

யாரும் சிரிக்கவில்லை. மாதாவை வேண்டிக்கொண்டு ஒரே இழுப்பு இழுத்தேன். ஓரத்தை லேசாக அமுக்கிச் சாய்த்ததும் கார்டு வழுக்கிக்கொண்டு துணி மேல் வந்து விழுந்தது. வளைவில்லை, கொப்புளமில்லை. டிராகன் தகதகவென்று மின்னியது.

அவரும் தன் லென்ஸில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "போட்டோவ விட நேர்ல நல்லா இருக்கு சார். பேசின விலைக்கே எடுத்துக்கறேன்."

மல்லிகா என் பக்கம் திரும்பினார். "அந்த ஒறையே போதும்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா நானு எதுக்குங்க ஜெராக்ஸ் கடைக்குப் போறேன்?"

நியாயமான கேள்வி. கொண்டுவந்தவரிடம்தான் சொன்னேன், பத்திரப்படுத்துகிறவரிடம் சொல்லவில்லை. இப்போது எந்தக் கார்டு வந்தாலும் வீட்டுக்கும் போன் போட்டு, "துடைக்காதீங்க, இஸ்திரி போடாதீங்க, பொட்டு வைக்காதீங்க" என்று சொல்லிவிடுகிறேன். சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். கார்டு கொடுத்தபடியே திரும்பி வருகிறது.