கரையாத கட்டி

நல்லது செய்ய வந்த கை கெடுத்துவிட்டுப் போகிறது. மோத வந்த கல் காப்பாற்றிவிட்டுப் போகிறது. அப்படியானால் நன்றியை எந்தப் பக்கம் திரும்பிச் சொல்வது? கேப்டன் இந்தக் கேள்வியை ஒருநாளும் வாய்விட்டுக் கேட்டதில்லை. கேட்டுக்கொண்டு உட்கார அவளுக்கு நேரமும் கிடையாது. அவள் வாழ்க்கை மட்டும் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தது.

கேப்டன் என்பது படகுத்துறை வைத்த கிண்டல் பெயர். மூடிப்போன ஹோட்டல் ஒன்றிலிருந்து அவள் கணவன் ஒரு சிறிய மோட்டார் படகை வாங்கி வைத்திருந்தான். அவன் இறந்த பிறகு அதை விற்காமல் தானே ஓட்டப்போவதாக அவள் சொன்னபோது மற்ற படகுக்காரர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். "வாங்க கேப்டன், கப்பல் எப்ப கிளம்புது?" என்றார்கள். கப்பல் கிளம்பியது. முகத்துவாரத்தின் அக்கரையில் இருந்த சுகாதார நிலையத்துக்கு நர்சுகளைத் தினமும் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவந்தது. சிரிப்பு மெல்ல அடங்கியது. பெயர் மட்டும் தங்கிவிட்டது.

சிரிக்காத ஒரே ஆள் கொழுந்தன். வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவன். நீச்சல் தெரியாது, கணுக்கால் நனைந்தாலே முகம் வெளிறிவிடும். அவளுக்குப் படகு ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் அவன்தான், கரையில் நின்றபடியே. வேலைக்குப் போகும் வழியில் வந்து, கரையோரம் ஓடிக்கொண்டே கையை ஆட்டிக் கத்துவான்: "இடது பக்கம் அண்ணி, இடது!" அவளைப் பார்த்து நிற்பவனுடைய இடது அவளுக்கு வலது. முதல் மாதம் அவள் மோதாத தூண் துறையில் இல்லை. இருந்தாலும், இந்த வேலை இவளுக்கு எதற்கு என்று உறவுக்காரர்கள் இழுத்தபோது, "அண்ணி ஓட்டுவாங்க" என்று இரண்டே வார்த்தையில் அவர்கள் வாயை அடைத்தவனும் அவன்தான். அந்த இரண்டு வார்த்தை இல்லாமலும் அவள் ஓட்டியிருக்கக்கூடும். ஆனால் சொன்னான். அதை அவள் மறக்கவில்லை.

போன வருடம் ஈரப் படியில் வழுக்கி அவள் மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். கட்டுப் போட்ட கையோடு வீட்டில் கிடந்த நாட்களில், படகைக் கரையேற்றிப் பெயின்ட் அடிக்கும் வேலையைக் கொழுந்தன் தானாகவே எடுத்துக்கொண்டான். பொட்டு இடம் விடாமல் அடித்தான். கட்டுப் பிரித்து வந்து பார்த்தபோது படகு பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளை மாதிரி மினுமினுத்தது. "இனிமே வருஷா வருஷம் இது என் வேலை அண்ணி," என்றான். அவளுக்குக் கண் கலங்கியது. படகைப் பார்த்து அழக்கூடாது என்று எங்கோ போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

இந்த வருடம், நீர் வற்றியிருந்த ஒரு காலையில், எப்போதும் போகிற வழியிலேயே படகு ஒரு கல்லில் இடித்தது. பெரிய சத்தம் இல்லை. ஆனால் உடனே படகு முழுக்க அதிரத் தொடங்கியது. நர்சுகளை மெதுவாக அக்கரை சேர்த்து, அதைவிட மெதுவாகத் திரும்பி வந்து, படகை மெக்கானிக்கின் ஷெட்டுக்குக் கொண்டுபோனாள். சங்கிலியில் தூக்கிப் பார்த்தால், தண்ணீருக்குள் சுழன்று படகைத் தள்ளும் விசிறியின் மூன்று இலைகளில் ஒன்று காது மாதிரி மடங்கியிருந்தது.

"இது ஒண்ணும் இல்ல தங்கச்சி, சூடு பண்ணித் தட்டி நிமித்திடலாம்," என்றார் மெக்கானிக். பிறகு குனிந்தவர் நிமிரவில்லை. "விசிறி கெடக்கட்டும். இங்க வந்து காலப் பாரு."

அந்தப் படகுக்கு இன்ஜின் உள்ளே. பின்பக்கம் தண்ணீருக்குள் இறங்கி விசிறியைத் தாங்கும் அலுமினியப் பகுதியைத் துறையில் 'கால்' என்பார்கள். மெக்கானிக் ஸ்குரூடிரைவர் நுனியால் தொட்டார். பெயின்ட் கொப்புளமாக உடைந்தது. உள்ளே வெள்ளைப் பொடி.

"மாவு மாதிரி உதிருதேண்ணே."

"மாவாத்தான் போயிருச்சு." கீழே ஒரு திருகைக் கழற்றினார். கியர் எண்ணெய், பால் ஊற்றிய டீ நிறத்தில் வடிந்தது. "தண்ணி எறங்கிட்டு இருக்கு. கால் படகோட சேர்ற எடத்தப் பாரு, எலி கடிச்ச பிஸ்கட் மாதிரி."

"இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருந்தா?"

"தண்ணி படகுக்குள்ளயே வந்திருக்கும். கரையில நிக்கிறப்ப வராது. நடுவுலதான் வரும். அதுக்கு அவ்வளவு நல்ல புத்தி கெடையாது."

அவள் ஒரு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். பயம் வரவேண்டிய இடத்தில் நன்றிதான் முதலில் வந்தது. அந்தக் கல் இடிக்காவிட்டால் படகை யார் தூக்கிப் பார்த்திருப்பார்கள்?

மெக்கானிக் காலின் ஓரத்தில் ஒட்டியிருந்த சிறிய கட்டியைச் சுரண்டினார். சிவப்புப் பெயின்ட் தோலாக உரிந்தது. உள்ளே துத்தநாகம் பளபளத்தது. "உப்புத் தண்ணி எதையாவது தின்னே தீரும். இந்தக் கட்டிய வச்சா இதத் தின்னுட்டு அலுமினியத்த விட்டுரும். வருஷம் முடிஞ்சா பாதிகூட மிஞ்சக் கூடாது. இதுமேல பெயின்ட் அடிச்சுட்டா தண்ணிக்கு இது கெடைக்காது. மிச்சத்தத் தின்னும்." ஸ்குரூடிரைவரைத் துணியில் துடைத்தார். "யாரு அடிச்சான்னு கேக்க வேண்டாம். தெரியும். நான் வேணா பக்குவமா சொல்லிடறேன்."

"வேணாம்ணே. நான் யோசிக்கணும்."

யோசிக்க இருந்தது இவ்வளவுதான். சொல்லாவிட்டால் வருடா வருடம் அவன் ஆசையாக அடிப்பான். வருடா வருடம் கால் மாவாகும். சொன்னால், தன் பக்கம் நின்ற ஒரே மனிதனின் கையிலிருந்து பிரஷ் விழுந்துவிடும். அவனும் விலகிவிடலாம்.

யோசித்து முடிப்பதற்குள் அவனே புதுப் பெயின்ட் டப்பாவோடு வந்து நின்றான். "கல்லுல இடிச்சிருச்சாமே! உங்களுக்கு ஒண்ணும் இல்லையே அண்ணி?" படகைச் சுற்றி வந்தான். காலைப் பார்த்து, "அய்யய்யோ," என்று வாயில் கை வைத்தான். பிறகு அந்தக் கட்டியைப் பார்த்தான். முகம் மலர்ந்தது.

"ஆனா இதப் பாருங்க! இது மட்டும் கடையில வாங்கின மாதிரியே இருக்கு. இங்க மூணு கோட்டு குடுத்தேன். சொன்னேன்ல? நான் அடிச்ச எடத்த கடல் இல்ல, கடலோட அப்பன் வந்தாலும் தொட முடியாது!"

மெக்கானிக் அவசரமாக ஸ்பேனரைத் தேட ஆரம்பித்தார். அது அவர் கையில்தான் இருந்தது.

"தம்பி," என்றாள் கேப்டன். "அது கரைஞ்சிருக்கணும்பா."

"எது?"

"அந்தக் கட்டி. அது கரைஞ்சாத்தான் மத்தது நிக்கும்."

அவன் அவளைப் பார்த்தான். மெக்கானிக்கைப் பார்த்தான். "எம்மேலயும் தப்பு இருக்கு," என்றார் அவர். "நீ அடிக்கப் போறேன்னு தெரிஞ்சும் வாய மூடிக்கிட்டு இருந்துட்டேன்."

"இடிக்கிறப்ப ஆளுங்க இருந்தாங்களா அண்ணி?"

"ம்."

டப்பாவைக் கதவோரம் வைத்தான். பெயின்டே படாத கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு போய்விட்டான்.

பிறகு வரவில்லை. உடைத்துப் போட்டிருந்த ஒரு படகிலிருந்து மெக்கானிக் நல்ல கால் ஒன்றைத் தேடிப்பிடித்து மாட்டினார். அதுவரை நர்சுகளை ஏற்றிப்போனவர்கள், அன்று வயிறு வலிக்கச் சிரித்த அதே படகுக்காரர்கள். "ரூட் உன்னோடது கேப்டன். நாங்க சும்மா காவல்," என்றார்கள். அவள் தலையை ஆட்டினாள்.

ஒருநாள் கொழுந்தன் வேலை செய்யும் வீட்டுக்கே போனாள். ஏணியின் உச்சியில் சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தான்.

"எறங்கு."

"வேலை இருக்கு அண்ணி."

"படகுக்கு யாரு அடிக்கிறது?"

"வேற ஆளப் பாருங்க. நான் செவுத்துக்குத்தான் லாயக்கு. செவுரு முழுகாது."

"மொத மாசம் இடது இடதுன்னு எத்தன தூண்ல என்னைய மோத விட்ட? அன்னைக்கு வேற ஆளப் பாத்தேனா?"

அவன் தோள் குலுங்கியது. சிரிப்பா இல்லையா என்று கீழிருந்து தெரியவில்லை. "அந்தக் கல்லுக்கே நான் நன்றி சொல்லிட்டுத் திரியறேன்," என்றாள். "உனக்குச் சொல்ல மாட்டேனா?"

"கெடுத்தவனுக்கா?"

அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெகுநேரம் கழித்து அவன் இறங்கி வந்தான்.

அடுத்த நாள் ஷெட்டுக்கு வந்தவன் முதலில் செய்தது, புதுக் கட்டியின் மேல் காகிதம் ஒட்டியது. பெயின்ட் அடித்து முடித்து அதை உரித்தான். பிறகு தன் பையிலிருந்து சாக்கில் சுற்றிய ஒன்றை எடுத்து அவள் முன் வைத்தான். அதே அளவில், புத்தம்புது விசிறி.

"நல்லதாப் போச்சு," என்றார் மெக்கானிக். "பழச நிமித்தி வச்சிருக்கேன். ஓடும். ஆனா நடு வேகத்துல லேசா அதிரும். புதுசையே போட்டுரலாம்."

கேப்டன் இரண்டையும் கையில் வாங்கிப் பார்த்தாள். பழையதன் இலையில், கல் மடக்கியதை நிமிர்த்திய இடத்தில் ஒரு மங்கலான வரி ஓடியது. கொழுந்தன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பழசையே போடுங்கண்ணே," என்றாள்.

மெக்கானிக் ஏன் என்று கேட்டார். பிறகு நர்சுகளும் கேட்டார்கள். நடு வேகத்தில் இருக்கைகள் கிடுகிடுக்கும்போதெல்லாம் கேட்டார்கள். கொழுந்தன் மட்டும் கேட்கவில்லை. ஏணியடியில் அவள் சொன்னது அவனுக்கு நினைவிருந்தது. அவள் யாருக்கும் சொல்லவில்லை. புது விசிறி சாக்கோடு அவள் இருக்கைக்கு அடியில் கிடந்தது. அதிர்வு வரும் வேகத்தைத் தாண்டிப் படகை அவள் சீராக ஓட்டிக்கொண்டு போனாள்.